ராஜாமணி டீச்சரின் தப்பு

விருதுநகரில் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வந்து பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்துச் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். எழுத்துப் படிக்க வந்த பிறகு என்னால் எந்தச் சுவரையும் சும்மா விட முடிவதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். முதல் வரி, கண்ணீர் அஞ்சலி. அந்த ‘ஞ்ச’ எனக்கு எப்போதும் தடுக்கும். அன்றைக்குத் தடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த வரிக்குப் போனேன். ரா. ஜா. ம. ணி. அதற்குக் கீழே, ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை.

படத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ராஜாமணி டீச்சருக்கு நரைத்த தலை, தடித்த கண்ணாடி. எதிரே டீக்கடையில் என் வயதுக்காரன் செல்லையா நின்றிருந்தான்.

“ஏலே செல்லையா, இது எந்த ராஜாமணி?”

“நம்ம பூச்சி டீச்சர்தான். திங்கக்கிழமை காலையில. நெஞ்சு வலின்னாக. தூக்கியாச்சு. ஒனக்குத் தெரியாதா? நீதான அங்கனயே கெடப்ப?”

“எனக்கு யாருலே சொன்னா?”

“அதான் போஸ்டர் அடிச்சுச் சொல்லியிருக்காகள்ல. படிக்கப் படிச்சிருக்கியே, படி.”

மறுபடி போஸ்டரைப் பார்த்தேன். டீச்சரின் இரண்டு பக்கமும் இரண்டு பட்டாம்பூச்சிகள். பளபளவென்று நீலமும் பச்சையும். நம் சீமையில் அப்படி ஒன்று பறந்து நான் பார்த்ததில்லை. மேலே ‘பட்டாம்பூச்சிகளின் அன்னை’ என்று போட்டிருந்தார்கள். டீச்சர் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தது அந்துப்பூச்சி. விளக்குக்கு வருமே, சுவரில் அழுக்குப்போல ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. பட்டாம்பூச்சி அவர் வேலையே இல்லை.

“ஏலே, இதுல பட்டாம்பூச்சியப் போட்டிருக்கானுக.”

“பூச்சி பூச்சிதானப்பா. பாக்க அழகா இருக்குல்ல?”

“அழகா இருக்கு. அதுதான் கொமட்டுது.”

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அழுகை வரவில்லை. வாயில் ஏதோ கசந்துகொண்டே இருந்தது. அது இன்னும் போகவில்லை. டீச்சரை அறிந்தவர்கள் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஜவுளி மூட்டைக்காரன். அருப்புக்கோட்டையில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் ஊர் ஊராகச் சுமந்து விற்றவன். ஒரு காலையில் அருப்புக்கோட்டையிலேயே டீச்சர் வீட்டு முன்னறையில் மூட்டையை அவிழ்த்தேன். அவர் சேலைகளைத் தடவித்தான் பார்த்தார். சர்க்கரை வியாதி அப்போதே கண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் இருட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

“அண்ணாச்சி, டியூப்லைட்டுக்குக் கீழ சுவத்துல ஏதும் உக்காந்திருக்கா?” என்று கேட்டார்.

“ஒரு பூச்சி இருக்கு. அடிச்சிரவா?”

“அய்யய்யோ, கையை இறக்குங்க. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

பூச்சியை எப்படிச் சொல்வது? எனக்கு வந்த பாஷை சேலைப் பாஷை ஒன்றுதான். அதில் சொன்னேன்.

“காப்பிக்கலர் உடம்பு. குறுக்க ரெட்டைக் கரை ஓடுது. வெளிக்கரை அலை அலையா. ரெண்டு பக்கமும் பெருசா ஒரு புட்டா.”

“புட்டா வட்டமா?”

“இல்ல. சுருண்டிருக்கு. மாங்கா புட்டா.”

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நீளமான பெயரைச் சொன்னார். அது எனக்கு இன்றும் வாயில் நுழையாது. “வாகை மரத்துப் புழுவோட தாய் அது. ரெண்டு வருஷமா இதை நான் பாக்கல அண்ணாச்சி. இந்தச் சுவத்துலதான் உக்காந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது” என்றார். அன்றைக்குச் சேலை ஒன்றும் எடுக்கவில்லை. நாளைக்கும் வாங்க என்றார். சேலைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி மறுநாள் மூட்டையோடு போனேன்.

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. அவர் வீட்டு முற்றத்தில் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி தொங்கும், பக்கத்தில் ஒரு பல்பு. காலையில் முதல் டவுன் பஸ்ஸில் நான் போவேன். வேட்டியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உடல் என்ன நிறம், எத்தனை கரை, கரை நேரா நெளிவா, புட்டா எந்த இடத்தில், மேல் இறக்கைக்கு அடியில் மடிந்திருக்கிற கீழ் இறக்கை என்ன நிறம். கேட்டுவிட்டு இன்ன பூச்சி, இன்ன செடியைத் தின்னும் என்று சொல்வார்.

நல்ல வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பூச்சி என்றால் அருவருப்பு. அருவருப்பு என்ற சொல்லை எழுதும்போது மட்டும் ஆனந்தமாக இருக்கிறது, இரண்டு ‘ரு’ வருகிறது. மற்றபடி குமட்டல்தான். தொட்டால் விரலில் ஒரு தூள் ஒட்டும். கழுவினாலும் மினுமினுவென்று நகக்கண்ணில் நிற்கும். மூட்டைக்காரனுக்குப் பூச்சி பரம்பரை எதிரி. ஒரு தடவை வெளுத்த மேனியும் நடுவில் கறுப்புக் கீற்றுமாக ஒன்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. நான் குனிந்து கரையைப் பார்க்கும்போது அதன் வாலிலிருந்து நான்கு குழாய்கள் உப்பிக்கொண்டு வெளியே வந்தன. நான்கிலும் மயிர். உடம்பைவிடப் பெரிதாக வளைந்து ஆடின. பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன்.

“டீச்சர், இது குடலை வெளிய தள்ளுது!”

“நாலா?”

“நாலு. பூனை வாலு மாதிரி. சீ!”

“ஆம்பளைப் பூச்சி அண்ணாச்சி. பொண்ணைக் கூப்பிட வாசனை விடுறான். நீங்க சென்டு போட்டுக்கிட்டதே இல்லையா?”

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் நான் சொல்வதில் அவருக்குப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஜவுளியில் கறுப்பு என்ற நிறம் கிடையாது. கல்யாண வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நாங்கள் நாவப்பழம் என்போம். வெளுத்துப்போனதை இளஞ்சந்தனம் என்போம். சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருந்தால் புது டிசைன் என்போம். ஆயுசு முழுக்க அப்படிப் பேசிய வாய். பூச்சியையும் அப்படித்தான் சொன்னது.

“கீழ் றெக்கை நாவப்பழம், டீச்சர்.”

“நாவப்பழம்னா? கறுப்பா, ஊதாவா?”

“நல்ல கலரு. எடுப்பா இருக்கும்.”

“விக்காதீங்க அண்ணாச்சி. சொல்லுங்க.”

“…கறுப்பு.”

“அப்படிச் சொல்லுங்க. இதைக் கட்டிக்கிட்டு நான் கல்யாணத்துக்கா போகப் போறேன்?”

கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் நடுவில் ஆமணக்கைத் தின்கிற பூச்சியும் தின்னாத பூச்சியும் பிரிகின்றன என்று பிறகு சொன்னார். எடுப்பாக இருக்கிறது என்று நான் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் என் வாய் மெதுவாகத் திருந்தியது. வியாபாரம் கொஞ்சம் படுத்தது. அது வேறு கதை.

எழுத்தும் அவரிடம்தான் வந்தது. செத்த பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் வைக்கும்போது அடியில் ஒரு துண்டுச் சீட்டில் ஊரும் மாதமும் எழுத வேண்டும். டீச்சர் எழுதினால் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிவிடும். “நீங்க எழுதுங்க” என்றார். எனக்கு எழுத்துத் தெரியாது என்றேன். “எனக்குக் கண்ணு தெரியாது. சரியாப் போச்சு” என்றார். நான் பூச்சியைச் சொன்ன பாஷையிலேயே அவர் எனக்கு எழுத்தைச் சொன்னார். ‘ட’ என்றால் இடது பக்கம் ஒரு கரை, கீழே ஒரு கரை. ‘ப’ என்றால் மூன்று பக்கமும் கரை, மேலே திறந்த துண்டு. மெய்யெழுத்து என்றால் தலைக்கு மேல் ஒரு புட்டா. நான் எழுதியதை விரலால் தடவிப் பார்க்க முடியாது என்பதால், என்ன எழுதினேன் என்று நானே கரை கரையாகச் சொல்ல வேண்டும். அதில் தப்புக் கண்டுபிடித்துவிடுவார். நான் முதலில் எழுதிய சொல் திருச்சுழி. ஒரு காலை முழுக்க ஆனது. எழுதி முடித்துவிட்டு அந்தச் சீட்டை எட்ட வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் ஒரு மனுஷனுக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு நாற்றம் பிடித்த பூச்சிக்கு எழுதிய சீட்டு என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

டீச்சரிடம் ஒரு கட்டளை இருந்தது. தூள் போன இறக்கைக்குப் பேர் கிடையாது. அந்துப்பூச்சியின் கோடும் புள்ளியும் எல்லாம் அந்தத் தூள்தான். தூள் உதிர்ந்துவிட்டால் வெறும் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்லக் கூடாது, தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்பார். அந்தக் கட்டளையை ஒரு தடவை அவரே மீறினார். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஓர் ஆடி மாதம் திருச்சுழிக்குத் தெற்கே நல்ல மழை. அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பேச்சியம்மாள் என்கிற, விவசாயம் செய்கிற சம்சாரிப் பெண்ணும் அவள் புருஷனும் டீச்சரைத் தேடி வந்தார்கள். ஊர்ப் பெயரை எழுதவில்லை, அவர்களுக்கு விருப்பமில்லை. மழைக்கு மறுநாளிலிருந்து தெருவிளக்குகளில் வெள்ளைப் பூச்சி அப்பிக்கிடக்கிறதாம். அது கம்பளிப்புழுவின் தாயாக இருந்தால் உடனே கடலை விதைக்கக் கூடாது. சொக்கப்பனை மாதிரித் தீ வளர்த்துப் பூச்சியை விழவைத்து, வரப்போரம் குழி வெட்டி, முட்டைகளைப் பொறுக்கி அழித்த பிறகுதான் விதைக்க வேண்டும். வேறு பூச்சியாக இருந்தால் ஈரம் காயுமுன் விதைத்துவிட வேண்டும். மானாவாரிக் காடு. ஒரு நல்ல ஈரம் போனால் இன்னொன்று வரும் என்று சொல்ல முடியாது. விதை ஏற்றிய லோடு ஆட்டோ வாசலில் நின்றிருந்தது.

பேச்சியம்மாள் ஒரு கேரிபேக்கை என் முன்னால் கொட்டினாள். ஈரத்தோடு அள்ளி முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகக் கிடந்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்குச் சொல் தெரியவில்லை. குச்சியால் பிரித்துப் பார்த்தேன்.

“முன்கரையில மஞ்சள் ஓடுதா அண்ணாச்சி?” என்று டீச்சர் கேட்டார். கம்பளிப்புழுத் தாய்க்கு இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் கரை இருக்கும். உரத்துக்கு விதைக்கிற சணப்பைத் தின்கிற வெள்ளைப் பூச்சிக்கு அது இருக்காது. அதற்குச் சுங்குடிச் சேலை மாதிரி சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி இருக்கும்.

“தெரியலை டீச்சர். தூள் போயிருச்சு. மஞ்சளும் இல்லை, புள்ளியும் இல்லை. வெறும் தாளா இருக்கு.”

“எங்க கிணத்துத் தோட்டத்துல சணப்பு நிக்குது டீச்சரம்மா” என்றாள் பேச்சியம்மாள். “அதோட பூச்சியாத்தான இருக்கும்? சொல்லுங்க தாயி. ஆட்டோ நிக்குது.” அவள் குரல் கெஞ்சியது.

டீச்சர் ஆட்டோ நின்ற வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: “சணப்பு நிக்குதுன்னா அதுவாத்தான் இருக்கும். விதைங்க.”

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். டீச்சர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் போனபோது டீச்சர் வீட்டு வேட்டியிலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது. தூள் கலையாத புத்தம் புதுசு. வெள்ளை உடல், அழுக்குக் கோடுகள், முன்கரையில் மஞ்சள். கீழ் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மஞ்சள் என்றதும் டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பேச்சியம்மாளுக்குப் போன் போடச் சொன்னார்.

“விதைச்சாச்சே டீச்சரம்மா” என்றது போன்.

குழி வெட்டுங்கள், தீ வளருங்கள் என்று டீச்சர் சொன்னதை அவர்கள் செய்துதான் பார்த்தார்கள். பாதி ஆட்கள் வந்தார்கள், பாதி ஆட்கள் வரவில்லை. கடலை முளைத்து நாலு இலை விட்டதும் புழு வந்தது.

அந்தச் செய்தி கேட்டதும் டீச்சர் திருச்சுழி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். போனில்தான் சொல்லியாயிற்றே என்றேன். “விதைக்கச் சொன்னது நேர்ல. தப்புன்னு சொல்றதும் நேர்லதான்” என்றார்.

அந்த ஊர் விலக்கில் இறங்கியதும் காலுக்கடியில் நொறுநொறுவென்றது. ரோடு முழுக்கச் செம்மயிர்ப் புழு. ஒரு காட்டைத் தின்றுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் டயர் ஓடிய தடத்தில் பச்சையாக நசுங்கி வெயிலில் நாறியது. பெண்கள் விளக்குமாற்றால் கூட்டிப் பழைய பானையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பானைக்குள் அது நெளிகிற சத்தம் கேட்டது. எனக்குக் கணுக்காலிலிருந்து அரிப்பு ஏறியது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதற்குள்தான் நடந்தார். பேச்சியம்மாள் காட்டு வரப்பில் நிறுத்தினேன். ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“எப்படி இருக்கு? சொல்லுங்க அண்ணாச்சி.”

அத்தனை பேர் முன்னால் நான் குனிந்து ஒரு செடியைப் பிடித்துப் பார்த்தேன்.

“சொல்லுங்க.”

“இலை இல்லை டீச்சர். நரம்பு மட்டும் நிக்குது. ஒரு செடியில ஒரு கை புழு. இந்தக் கரையிலருந்து அந்தக் கரை வரைக்கும் பச்சைன்னு ஒண்ணு கிடையாது.”

டீச்சர் தலையை ஆட்டினார். குரல் வந்த பக்கங்களைப் பார்த்துத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: “இது கம்பளிப்புழு. சணப்புப் பூச்சின்னு நான் சொன்னது தப்பு. அன்னைக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல.”

பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள். “ஈரமும் போச்சு, விதையும் போச்சு. இனி என்னத்தத் திங்க? ஒங்க வீட்டு வேட்டியில வந்து உக்காருற பூச்சியா இது? எங்க வயித்துல வந்து உக்காந்திருக்கு பாருங்க!” இன்னும் நிறையச் சொன்னாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நகரவில்லை.

அவள் புருஷனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “விடு. அவுகளுக்குக் கண்ணா தெரியுது? இந்தச் சேலைக்காரர் பாத்துச் சொன்னதுலதான் ஏதோ கோளாறு” என்று எடுத்துக்கொடுத்தான்.

“அண்ணாச்சி தெரியலைன்னு சொன்னாக” என்றார் டீச்சர். “தெரியும்னு சொன்னது நான்.”

திரும்பும்போது பேச்சியம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கால்களில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே வைதாள். அடுத்த வருஷம் மழை பெய்ததும் மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் உயிருள்ள பூச்சியோடு வந்தாள். அதற்கடுத்த வருஷமும் வந்தாள். சணப்புப் பூச்சியா, கம்பளிப்புழுத் தாயா என்று டீச்சர் வாயிலிருந்து வராமல் அந்த ஊர் விதைப்பெட்டியைத் தொடாது. தெரியாது என்று டீச்சர் சொன்னாலும் அதையும் ஒரு பதிலாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

பதினாறாம் நாள் ஒரு மண்டபத்தில் டீச்சருக்குப் படத்திறப்பு வைத்தார்கள். வாசலில் பிளெக்ஸ், அதிலும் அதே நீலப் பட்டாம்பூச்சிகள். நான் மேலே எழுதிய இந்தச் சங்கதியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். கூட்டம் நடத்தியவர் டீச்சரிடம் படித்தவர், ஏதோ சங்கத்துக்குச் செயலாளர். தாளை வாங்கிப் படித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“அண்ணாச்சி, இது வேணாமே. இறந்தவங்களைப் பத்தி இப்படியா பேசுறது?”

“அவுகளே பேசினதுதான் தம்பி.”

“பேசணும்னா, நீங்க பாத்துச் சொன்னதுல ஒரு சின்னப் பிசகுன்னு சொல்லிருங்க. உங்களுக்கு என்ன? படிக்காதவரு, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

“அது என் தப்பு இல்லையே.”

“டீச்சருக்காக இதைக்கூடச் செய்ய மாட்டீங்களா?”

என்னைப் பேசக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். ஒருவர் அவரைத் தேவதை என்றார். இன்னொருவர், ஒரு பூச்சியைக்கூட டீச்சர் வாழ்நாளில் தப்பாகச் சொன்னதில்லை என்றார். கைதட்டினார்கள். கடைசியில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். திருச்சுழிப் பக்கம் ஒரு முறை உதவியாளரின் கவனக்குறைவால் ஒரு பிழை நேர்ந்தபோது, அந்தப் பழியைக்கூடத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட தியாகி என்றார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கேரிபேக்கைக் கொட்டியபோதுகூட அப்படி வரவில்லை. டீச்சர் ரோட்டில் புழுவுக்கு நடுவில் நடந்துபோய்த் தன் கையால் எடுத்துக்கொண்ட ஒன்றை, அவர் செத்த பிறகு அவர் கையிலிருந்து பிடுங்கி என் மடியில் போடுகிறார்கள். அதற்கு மரியாதை என்று பெயர். 

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏய்யா, கொஞ்சம் நிப்பாட்டுங்க. எந்தப் பழி? யாரு ஏத்துக்கிட்டா?” பேச்சியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். ஊரிலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். “அவுக எங்க காட்டுல நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொன்னாக. நான் வைதேன். கேட்டுக்கிட்டாக. நீங்க அங்க எந்த வரப்புல நின்னீக?”

“அம்மா, உக்காருங்க. நாங்க நல்லபடியாத்தான் சொல்றோம்.”

“நல்லபடியாச் சொல்ல வேணாம். நடந்தபடி சொல்லுங்க!”

சிலர் சிரித்தார்கள். செயலாளர், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவித்தார். நாற்காலிகள் இழுபட்டன. கூட்டம் பந்திக்குப் போய்விட்டது.

நானும் பேச்சியம்மாளும் சாப்பிடவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். “அந்தத் தாள்ல என்ன அண்ணாச்சி எழுதியிருக்கீக?” என்று கேட்டாள். எடுத்துப் படித்தேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேகத்துக்கு இரண்டு பஸ் போய்விட்டது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் வைத இடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

“இது அம்புட்டும் இல்லையே.”

“எல்லாம் எழுதியிருக்கேன் தாயி.”

“குருட்டுச் சிறுக்கின்னு சொன்னேன் அவுகளை. ஊரு முன்னாடி வச்சு. அதை ஏன் விட்டீக?”

“அது எதுக்குன்னு…”

“போடுங்க. அதையும் கேட்டுக்கிட்டுத்தான நின்னாக. அதை எடுத்துட்டா அவுக நின்னது கொறஞ்சுல்ல போகுது?”

பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே வைத்து எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. “போட்டாச்சா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

டீச்சரின் தம்பி மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். பூச்சிப் பெட்டிகளை ஒரு கல்லூரிக்குக் கொடுத்தாயிற்றாம். அக்கா ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணாடி, ரேடியோ, கைத்தடி எல்லாம் மேசைமேல் இருந்தன. ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். பூச்சிகள் மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். வரவில்லை. இன்றைக்கும் சுவரில் ஒன்று உட்கார்ந்தால் முதுகு கூசுகிறது. கூசிக்கொண்டே கரையை எண்ணுகிறேன்.

அவர் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு தப்பைத்தான். அதைத் துடைத்துவிடவும் ஆள் இருக்கிறது, என் தலையில் கட்டவும் ஆள் இருக்கிறது. யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ராஜாமணி டீச்சர் தூள் போன இறக்கைக்குப் பேர் சொன்னார். தப்பாகச் சொன்னார். பஸ் ஏறிப் போய், புழுவுக்கு நடுவில் நின்று, குருட்டுச் சிறுக்கி என்று வைததையும் கேட்டுக்கொண்டு, சொன்னது நான்தான் என்றார்.